வண்டி ஏற்றத்தில் திணறுகிறதா? டீசலின் சூட்டைப் பாருங்கள்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தக்காளி சாகுபடி செய்யும் விவசாயி ஒருவர், தம்முடைய சிறு சரக்கு வண்டியில் 80 பெட்டித் தக்காளியை ஏற்றிக்கொண்டு மூணாறுக்குப் புறப்பட்டார். சமவெளியில் வண்டி நன்றாகவே ஓடியது. சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மறையூர் ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மிதித்தாலும் வண்டி பிக்கப் எடுக்கவில்லை. மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து சென்று, கடைசியில் ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. யானை நடமாடும் காடு அது. ஒரு மணி நேரம் நின்ற பிறகு வண்டி மறுபடியும் சரியாக ஓடியது. அரை மணி நேரத்தில் மறுபடியும் மடங்கியது. இப்படி நின்று நின்று ஊர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வழக்கமாக எடுக்கும் வியாபாரிகள் வேறு சரக்கை வாங்கி முடித்திருந்தார்கள். பழம் பாதி விலைக்குப் போயிற்று.

ஊர் திரும்பும் வழியில் சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் வண்டியைக் காட்டினார். அங்கிருந்தவர் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "டீசல் டெம்பரேச்சர் சென்சாரில் பிரச்சினை" என்று சொன்னார். பிறகு அந்த விவசாயி என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தக்காளியில் இலைச்சுருள் நோயைப் பற்றிய ஒரு பயிற்சி முடிந்து எல்லோரும் எழுந்த நேரத்தில் அருகில் வந்து, "ஏனுங்க ஐயா, டீசலுக்குக் கூடவா காய்ச்சல் பார்க்கறாங்க?" என்றார்.

பார்க்கத்தான் பார்க்கிறார்கள். நான் இயந்திரப் பொறியாளன் அல்லன். விரிவாக்கப் பணியில் இருப்பவன். ஆனால் இந்தச் சிறு சென்சார் என் சொந்தக் காரிலும் ஒரு முறை தொல்லை கொடுத்திருக்கிறது. பண்ணை இயந்திரத் துறையில் உள்ள நண்பர் ஒருவருடன் உட்கார்ந்து அதைக் கண்டறிந்து சரிசெய்தபோது கற்றவற்றையும், இந்த விவசாயியின் வண்டிக்கு நேர்ந்ததையும் உழவர் பெருமக்களுக்குச் சொல்வது பயனுடையதாக இருக்கும் என்று எண்ணுகிறேன். இன்று காய்கறியோ பாலோ விதையோ உரமோ, பெரும்பாலும் டீசல் வண்டியில்தான் போய் வருகின்றன. ஜீப்பு, கார், சரக்கு வண்டி எதுவாயினும் இந்தச் சென்சாரைப் பொறுத்தவரை விஷயம் ஒன்றே. பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இந்தச் சென்சார் கிடையாது.

டீசலின் சூட்டை ஏன் அளக்க வேண்டும்?

பழைய டிராக்டர் எஞ்சினில் டீசல் பம்பு முழுவதும் இயந்திரப் பொறியே. கவர்னர் சொன்னபடி பம்பு டீசலைத் தள்ளும்; சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. காமன் ரெயில் என்னும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. கார்களில் இம்முறை முதன்முதலாக 1997ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ 156 என்ற இத்தாலியக் காரில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்த பின், புதிய டீசல் கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் இதுவே வழக்கமாகிவிட்டது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் நான்காம் கட்டப் புகை விதி வந்ததால் அவற்றிலும் காமன் ரெயில் நுழைந்துவிட்டது.

இம்முறையில் ஒரு பம்பு டீசலை 1,600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேலான அழுத்தத்தில் ஒரு தடித்த குழாய்க்குள் அடைத்து வைக்கிறது. அந்தக் குழாய்தான் ரெயில். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார் என்பதை நினைத்துக்கொண்டால் இது எத்தகைய அழுத்தம் என்பது விளங்கும். எந்த நொடியில் எவ்வளவு டீசலைத் தெளிக்க வேண்டும் என்பதை இ.சி.யு. என்னும் கணிப்பொறிப் பெட்டி முடிவு செய்கிறது.

டீசல் சூடேறினால் விரியும். 15 டிகிரி சென்டிகிரேடில் 20 லிட்டர் கேனில் அளந்த டீசல், 75 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 21 லிட்டராகப் பொங்கி நிற்கும். எடை அதேதான், அளவுதான் கூடியிருக்கும். எனவே சூடான டீசலை அதே அளவு தெளித்தால் எஞ்சினுக்குக் கிடைக்கும் சத்து 5 விழுக்காடு குறையும். கணிப்பொறி இதை அறிந்து சரிக்கட்ட வேண்டுமானால் அதற்கு டீசலின் சூடு தெரிய வேண்டும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. காமன் ரெயில் பம்புக்குத் தனியாக எண்ணெய் ஊற்றுவதில்லை; அதன் உள்ளே ஓடும் டீசலே மசகு. சூடு ஏற ஏற டீசல் நீர்த்துப் போகும். மண்ணெண்ணெய் போல் நீர்த்துவிட்ட டீசல், உரசும் உலோகப் பரப்புகளுக்கு இடையே படலமாக நிற்காது. பம்பு தேயத் தொடங்கும். ஆகவேதான் டீசல் மிகவும் சூடானால் கணிப்பொறி தானாகவே எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடுகிறது. அது வண்டியின் குறை அன்று. பம்பைக் காப்பாற்றும் ஏற்பாடு. (டீசலில் மண்ணெண்ணெய் கலப்போர் இன்னும் சிலர் உண்டு. பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. இந்தப் பம்பு பொறுக்காது.)

டீசல் ஏன் சூடாகிறது என்று கேட்கலாம். ரெயிலில் அடைபடும் டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி ரிட்டர்ன் குழாய் வழியாக டாங்கிக்குத் திரும்புகிறது. அத்தனை அழுத்தத்திலிருந்து விடுபடும்போது அந்தச் சக்தி சூடாக மாறுகிறது. போதாததற்கு எஞ்சினின் சூடும் சேர்கிறது. டாங்கி நிறைய டீசல் இருந்தால் திரும்பி வரும் சூடு அதில் கரைந்து ஆறிவிடும். கால் டாங்கி மட்டும் இருந்தால் அதே டீசல் சுற்றிச் சுற்றி வந்து மேலும் மேலும் சூடேறும். சில வண்டிகளில் இந்தத் திரும்பு டீசலை ஆற்றுவதற்கென்றே தரைத்தட்டுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் கொண்ட சிறு ஆற்றி பொருத்தியிருப்பார்கள்.

சென்சார் வேலை செய்யும் விதம்

டீசல் வெப்ப உணர்வி என்று தமிழில் சொல்லலாம். ஒர்க்‌ஷாப்பில் சென்சார் என்றால்தான் புரியும். சுண்டுவிரல் அளவுள்ள பித்தளை அல்லது பிளாஸ்டிக் துண்டு. பின்னால் இரண்டு கம்பிகள் வந்து சேரும் கப்ளர். பெரும்பாலும் உயர் அழுத்தப் பம்பின் அருகிலோ, ரிட்டர்ன் குழாயிலோ, டீசல் ஃபில்டரின் தலைப்பகுதியிலோ இருக்கும். ரெயிலின் முனையில் இருப்பது பெரும்பாலும் அழுத்தச் சென்சார். ஃபில்டரின் அடியில் இருப்பது தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் சென்சார். இவற்றை ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. வண்டியின் கையேட்டைப் பார்த்து இடத்தை உறுதி செய்துகொள்வது நல்லது.

இதன் உள்ளே இருப்பது ஒரு சிறு மின்தடை மணி. சூடு ஏறினால் அதன் தடை குறையும். சூடு குறைந்தால் தடை கூடும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 30 டிகிரியில் 1,700, 40 டிகிரியில் ஏறக்குறைய 1,200, 60 டிகிரியில் 600, 80 டிகிரியில் 320 ஓம் என்று தடை இறங்கிக்கொண்டே வரும். கணிப்பொறி 5 வோல்ட் மின்சாரத்தை இதற்கு அனுப்பி, எவ்வளவு வோல்ட் மிஞ்சி நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணிப்பொறிக்குச் சென்சார் தெரியாது. வோல்ட் மட்டுமே தெரியும். நடுவில் கம்பி அறுந்தாலும், கப்ளரில் களிம்பு பிடித்தாலும், சென்சாரே செத்தாலும் கணிப்பொறிக்கு எல்லாம் ஒன்றுதான். இலை மஞ்சளானதைப் பார்த்த மாத்திரத்தில் யூரியாவைத் தூக்கிப் போடும் வழக்கத்தை நாங்கள் எத்தனையோ கூட்டங்களில் கண்டித்திருக்கிறோம். வேரில் நீர் தேங்கியிருக்கலாம், இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். ஸ்கேனர் காட்டிய எண்ணைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றுவதும் அத்தகையதே.

எண்களைப் பிரித்து அறிதல்

வண்டியின் ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு செருகு இடம் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பழுதுக்குறி எண் தெரியும். செல்பேசியுடன் இணைத்துப் பார்க்கும் மலிவான கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் எண் மட்டுமே தெரியும். டீசலின் சூடு எத்தனை டிகிரி என்பது தெரியாது. அதற்கு ஒர்க்‌ஷாப்பில் உள்ள நல்ல கருவி தேவை.

டீசல் சூடு பற்றிய எண்கள் சிலவே. பி 0180 என்றால் இந்தச் சென்சாரின் மின்சுற்றில் ஏதோ கோளாறு என்று பொது அறிவிப்பு. பி 0181 என்றால் காட்டும் அளவு நம்பும்படி இல்லை. பி 0182 என்றால் வோல்ட் மிகக் குறைவு. அதாவது கம்பி எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போது கணிப்பொறிக்கு டீசல் கொதிப்பதுபோல் தோன்றும். பி 0183 என்றால் வோல்ட் மிக அதிகம்; சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது டீசல் உறைபனியில் இருப்பதுபோல், பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி என்று, காட்டும். பி 0184 என்றால் விட்டு விட்டு வரும் கோளாறு. பெரும்பாலும் தளர்ந்த கப்ளர்.

இவற்றோடு சேராத ஒன்று பி 0168. சென்சாரைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. டீசல் உண்மையாகவே அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று சொல்கிறது. முதலில் சொன்ன தக்காளி விவசாயியின் வண்டியில் வந்தது இந்த எண்தான். சாலையோர ஒர்க்‌ஷாப்பில் "டீசல் டெம்பரேச்சர்" என்ற சொல்லைப் படித்தார்கள். அதற்கு மேல் படிக்கவில்லை.

காலையில் செய்யும் சோதனை

எந்தக் கருவியையும் கழற்றாமல் செய்யக்கூடிய மிக எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். விடியற்காலையில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் மூன்று அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் தண்ணீரின் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, டீசலின் சூடு. இரவெல்லாம் ஒரே கொட்டகையில் நின்ற வண்டியில் இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நாலைந்து டிகிரி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். தண்ணீர் 26, காற்று 27, டீசல் 25 என்றால் சென்சார் உண்மை பேசுகிறது. தண்ணீர் 26, காற்று 27, டீசல் 70 என்றால் பொய் பேசுகிறது. மைனஸ் 40 என்றால் சுற்று அறுந்திருக்கிறது.

பிறகு எஞ்சினை ஓட்டி அரை மணி நேரம் பாருங்கள். அளவு சீராக, மெதுவாக ஏற வேண்டும். 35இலிருந்து 90க்குத் தாவி மறுபடியும் 36க்கு வந்தால் டீசல் அப்படிச் சூடாகி ஆறவில்லை. கம்பியில் தொடர்பு விட்டு விட்டு வருகிறது என்று பொருள். ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கம்பிச் சரத்தை லேசாக அசைத்துக்கொண்டு போனால், எந்த இடத்தை அசைக்கும்போது எண் குதிக்கிறதோ அங்கேதான் பழுது.

மல்டிமீட்டரால் கண்டறிதல்

காலைச் சோதனையில் தவறு என்று தெரிந்தால் சாவியை மூடிவிட்டுச் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். இழுக்காதீர்கள், பூட்டு நாக்கை அமுக்கினால் தானே வரும். முதலில் கண்ணால் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

2019ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது என் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. எண் பி 0183. ஒர்க்‌ஷாப்பில், இந்த மாடலில் சென்சார் தனியாகக் கிடைக்காது, ஃபில்டர் தலைப்பகுதியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். தனியாகக் கிடைக்காத மாடல்கள் உண்டுதான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நண்பர் வந்து கப்ளரைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்த இரண்டு ஊசிகளில் ஒன்று கோயில் குத்துவிளக்கின் அடியில் படிவதுபோலப் பச்சைக் களிம்பு ஏறி இற்றுப் போயிருந்தது. கப்ளரின் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. யாரோ எப்போதோ கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். நானும் பம்பு செட்டுத் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி எஞ்சினைக் கழுவும் வழக்கமுடையவன். எனவே பழியை வேறு யார் மீதும் போட வழியில்லை. களிம்பை மெல்லிய பிரஷ்ஷாலும் மின்தொடர்பு துடைக்கும் ஸ்பிரேயாலும் நீக்கி, இற்ற ஊசிக்கு இணையான துளைப்பகுதியையும் மாற்றி, புது ரப்பர் வளையம் போட்டார். அத்துடன் சரியாயிற்று. சென்சார் இன்றும் அதேதான்.

கிராமத்து வண்டிகளுக்கு வேறு இரண்டு பகைவர்களும் உண்டு. ஒன்று எலி. வைக்கோல் போருக்கும் தானியக் கொட்டகைக்கும் பக்கத்தில் நிற்கும் வண்டியில், இளஞ்சூடான எஞ்சின் மேல் எலி வந்து படுக்கும்; கம்பியையும் கடிக்கும். இன்னொன்று உரம். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளிலிருந்து சிந்தும் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்புக் கம்பியை அரித்துவிடும். உரம் ஏற்றிய பின் தட்டைப் பெருக்கிவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

கப்ளர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சென்சாரின் இரு ஊசிகளுக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். நம் ஊர்க் காலை வேளையில், 25 முதல் 30 டிகிரி வரையில், மேலே சொன்ன வகையில் ஏறக்குறைய 2,100 முதல் 1,700 ஓம் வர வேண்டும். வேறு வகைச் சென்சாராக இருந்தால் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் சென்சார் உள்ளே அறுந்துவிட்டது. சுழிக்கு அருகில் காட்டினால் உள்ளே ஷார்ட்.

அளவு சரிபோலத் தோன்றியும் ஐயம் தீராவிட்டால் சென்சாரைக் கழற்றி வெந்நீரில் சோதிக்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். 100 டிகிரி வரை காட்டும் சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர் வேண்டும். டம்ளர் வெந்நீரில் சென்சாரின் முனை மட்டும் நனையும்படி பிடித்து, நீர் ஆற ஆற 60 டிகிரியிலும் 40 டிகிரியிலும் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 600, 1,200 என்று ஒழுங்காக ஏறினால் சென்சார் நல்லது. ஊசிப் பக்கம் நனையக் கூடாது.

இனிக் கம்பிப் பக்கம். கப்ளர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பி, கப்ளரின் இரு துளைகளுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு முனையை எஞ்சின் பாடியில் வைத்துப் பாருங்கள். அப்போது ஒரு துளையில் 5 வோல்ட் கிடைத்தால் போகும் கம்பி நல்லது, திரும்பும் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. அப்போதும் கிடைக்காவிட்டால் போகும் கம்பியில்தான் பழுது. 12 வோல்ட் டெஸ்ட் பல்பை இந்தக் கம்பியில் ஒருபோதும் வைக்காதீர்கள், கணிப்பொறி கெட்டுவிடக்கூடும்.

5 வோல்ட் சரியாக இருந்தால் கடைசிச் சோதனை. ஸ்கேனரில் டீசல் சூட்டைப் பாருங்கள். கப்ளர் கழன்றிருப்பதால் மைனஸ் 40 போன்ற மிகக் குறைந்த அளவு காட்ட வேண்டும். ஒரு சிறு கம்பியால் கப்ளரின் இரு துளைகளையும் இணைத்தால் நூறு டிகிரிக்கு மேல் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் கம்பியும் கணிப்பொறியும் நல்ல நிலையில் உள்ளன. குறை சென்சாரிலோ அதன் ஊசியிலோதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் உங்கள் பணத்தில் சென்சாரோ பம்போ வாங்க அனுமதிக்காதீர்கள்.

மாற்றும்போது

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதோ, நிறுத்திய உடனேயோ டீசல் குழாய் எதையும் தளர்த்தக் கூடாது. ரெயிலிலிருந்து ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு முள் குத்தியதுபோல்தான் தெரியும். வலியும் முதலில் இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தில் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். ஒழுக்கைத் தேடும்போது கையால் தடவாமல் ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் துடைத்துக் காற்றால் ஊதிய பிறகுதான் ஸ்பேனரை வைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலும் இன்ஜெக்டரின் நுண்துளைகளுக்குப் போதும். பழைய வாஷரையோ ஓ ரிங்கையோ மறுபடி போடக் கூடாது. பம்புக்கு முன்னால் உள்ள உறிஞ்சு பக்கத்தில் ஓ ரிங் சரியில்லாவிட்டால் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் புதுக் கோளாறு முளைக்கும். பித்தளை மரையை அசுர பலத்தில் முறுக்க வேண்டாம். பொருத்திய பின் கைப் பம்பால் ஏர் லாக் எடுத்து, எஞ்சினை ஓட்டி, ஒழுக்குப் பார்த்து, பழைய எண்ணை ஸ்கேனரால் அழித்து, சரக்கோடு ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் அந்த மூன்று அளவுகளையும் திரும்பவும் பாருங்கள்.

தக்காளி வண்டிக்கு நேர்ந்தது

அந்த ஒர்க்‌ஷாப்பில் இவை எதுவும் செய்யப்படவில்லை. எண்ணை அழித்தார்கள், அடுத்த ஏற்றத்தில் மறுபடி வந்தது. பிறகு சென்சாரின் கம்பியை வெட்டி, அந்த இடத்தில் சில ரூபாய் விலையுள்ள 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் 1,000 ஓம் என்பது சுமார் 45 டிகிரி. அன்றிலிருந்து டீசல் எவ்வளவு கொதித்தாலும் கணிப்பொறிக்கு 45 டிகிரிதான். சக்தியைக் குறைக்கவே இல்லை. வண்டி மறையூர் ஏற்றத்தில் பறந்தது. விவசாயிக்கு மகிழ்ச்சி. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியவர் அவர்.

ஆகஸ்ட் மாதத்தில் வண்டி ஸ்டார்ட் ஆக நேரம் பிடித்தது. பம்பில் கரகரவென்று ஓசை. ஃபில்டரைப் பிரித்தபோது டீசலில் மின்னும் தூள். பம்பு தேய்ந்து உலோகத்தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய்விட்டது. பம்பு, நான்கு இன்ஜெக்டர், ரெயில், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி டாங்கியையும் கழுவ வேண்டியிருந்தது. "அந்தக் காசுக்கு ஒரு ஏக்கருக்குச் சொட்டுநீரும் பந்தலும் போட்டிருப்பனுங்க" என்றார். எல்லாவற்றுக்கும் அந்த ரெசிஸ்டர் ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பம்பு முன்பே கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். ஆனால் எச்சரிக்க வேண்டிய வாயைக் கட்டிவிட்டோம் என்பது உண்மை.

வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தபோது மூலகாரணம் தெரிந்தது. திரும்பு டீசலை ஆற்றும் அலுமினியத் தகடுகளின் இடைவெளி முழுவதும் வயல் சேறு காய்ந்து சிமெண்டு பூசியதுபோல் அடைத்திருந்தது. வாய்க்கால் கரையில் வண்டியை இறக்கி நேராகத் தோட்டத்தில் பெட்டி ஏற்றும் வழக்கம். அத்துடன், அன்றன்று தேவைக்கு டீசல் போடும் பழக்கமுடையவர் அவர்; டாங்கி கால் பங்குக்கு மேல் நிறைந்ததே இல்லை. சித்திரை வெயில், முழுப் பாரம், ஏற்றம், கால் டாங்கி, அடைபட்ட ஆற்றி எல்லாம் கூடிவிட்டன. சென்சார் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

ஆகவே பி 0168 வந்து, காலைச் சோதனையில் மூன்று அளவுகளும் ஒத்திருந்தால், சென்சாரைத் தொட வேண்டாம். ஆற்றி இருந்தால் மென்மையான பிரஷ்ஷாலும் குறைந்த வேகத் தண்ணீராலும் சேற்றைக் கரைத்து நீக்குங்கள். தகடுகள் மடங்கிவிடும் ஆகையால் கத்தியால் சுரண்டக் கூடாது. ரிட்டர்ன் குழாய் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் பாரத்தோடு மலை ஏறும் நாட்களில் டாங்கி பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சூடு ஏறினால், தேய்ந்த இன்ஜெக்டர்கள் அளவுக்கு அதிகமாக டீசலைத் திருப்பி அனுப்புகின்றனவா என்று டீசல் பம்பு பழுது பார்க்கும் நிபுணரிடம் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

புதிய டிராக்டர்களில்

காமன் ரெயில் எஞ்சின் கொண்ட டிராக்டர்கள் பலவற்றில் எண்கள் வேறு மாதிரி இருக்கும். பி என்ற எழுத்து இராது. இரண்டு எண்கள் சேர்ந்து வரும். டீசல் சூட்டுக்கு உரிய எண் 174. அதனுடன் 3 வந்தால் வோல்ட் அதிகம், அதாவது சுற்று அறுந்தது; 4 வந்தால் வோல்ட் குறைவு, அதாவது ஷார்ட். 0 அல்லது 16 வந்தால் டீசலே சூடாகிவிட்டது. புழுதி பறக்கும் உழவில் ரேடியேட்டர் வலையோடு ஆற்றியும் அடைபடுவது இயல்பு. இந்த இரண்டு எண்களில் ஒன்று வந்தால் முதலில் வலையைத் துடையுங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியானால் கம்பியை வெட்டவோ ரெசிஸ்டர் வைக்கவோ யாரையும் விடாதீர்கள். பிறகு பம்பு போனால் கம்பெனியிடம் கேட்க வழியிருக்காது. ஸ்கேனர் காட்டிய எண்ணையும், காலையில் பார்த்த மூன்று அளவுகளையும், தேதியோடு வேலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.